தஞ்சாவூரில் டென்னிஸ் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டும் கடை: போட்டிக்குப் போகும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இறகுப்பந்து மட்டைகளும் கேரம் பலகைகளும் விற்கும் சிறிய விளையாட்டுப் பொருள் கடையின் பின்னறையில், டென்னிஸ் ராக்கெட்டுகளுக்கு நரம்பு கட்டித் தருகிறார்கள். காவிரி டெல்டாவில் தொழிலாக டென்னிஸ் ஆடும் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருத்தியைப் பெற்றவள் என்ற முறையில், இந்தக் கடையை முழு மனதோடு பரிந்துரைக்கிறேன். குறைகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் ஆட்டக்காரர்கள் அன்றைய ஆட்டத்துக்கென்றே புதிதாக நரம்பு கட்டிய ஆறேழு ராக்கெட்டுகளோடு களத்தில் இறங்குகிறார்கள். அமெரிக்க ஆட்டக்காரர் பீட் சாம்ப்ராஸ் தன் ராக்கெட்டுகளுக்காகவே ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு நாடு நாடாகப் போனார். என் மகள் ஆடுவது பரிசுத்தொகை மொத்தமும் சேர்த்து 15,000 டாலர் என்று வைக்கப்படும் கீழ்நிலைப் போட்டிகள். அந்தத் தொகையைத்தான் ஒற்றையர், இரட்டையர் என்று அத்தனை பேரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முதல் சுற்றில் தோற்றவருக்குக் கிடைப்பது அறை வாடகைக்கும் ரயில் கட்டணத்துக்கும் காணாது. ஒற்றையர் தரவரிசையில் இந்தியாவின் முதல் இடத்தில் இருந்த சுமித் நாகலே, 2023 செப்டம்பரில், தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒரே ஒரு பயிற்சியாளரை மட்டும் உடன் அழைத்துச் செல்வதற்கு ஆண்டுக்கு 80 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை ஆகிறது என்றும் அப்போது கூறினார். அதே நாகல் 2024 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பனில் தகுதிச் சுற்றுகளைக் கடந்து வந்து, முதல் சுற்றில், போட்டியின் முன்னணி ஆட்டக்காரர்களுக்குத் தரப்படும் வரிசையில் (seed) 31ஆவதாக இருந்த அலெக்சாண்டர் பப்ளிக்கை நேர் செட்களில் தோற்கடித்தார். 1989இல் ரமேஷ் கிருஷ்ணன் மட்ஸ் விலாண்டரை வென்றதற்குப் பிறகு, கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் அப்படி வரிசை பெற்ற ஒருவரை இந்தியர் வென்றது அதுவே முதல் முறை. அந்த வெற்றியைக் கொண்டாடிய நாம், அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு அவர் எந்த நிலையில் இருந்தார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பயிற்சியாளரோ இயன்முறை மருத்துவரோ கூட வர முடியாத ஆட்டக்காரருக்கு, ஊரில் நம்பிக்கையாக நரம்பு கட்டித் தருபவர் பெரிய துணை. இந்தக் கடைக்காரர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பழைய நரம்பை ஓர் ஓரத்திலிருந்து வெட்டாமல், நடுவில் தொடங்கிச் சுற்றுச்சுற்றாக வெளிப்பக்கம் வெட்டிக்கொண்டு போகிறார். அப்போதுதான் சட்டம் ஒரு பக்கமாக இழுபடாது. பிறகு விளிம்பில் உள்ள பிளாஸ்டிக் குரோமெட்டுகளை (நரம்பு நுழையும் துளைகளின் உறைகளை) ஒவ்வொன்றாக நகத்தால் தடவிப் பார்த்து, விரிசல் விட்டதை மாற்றிய பிறகுதான் ராக்கெட்டை இயந்திரத்தில் பூட்டுகிறார். நெடுக்கு நரம்புகளை நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி இழுத்து முடித்து, குறுக்கு நரம்புகளைத் தலைப்பக்கத்திலிருந்து கீழாக, திருபுவனத்துத் தறியில் ஊடை ஓடுவதுபோல ஒன்று மேலே ஒன்று கீழே என்று கோத்து, ஒவ்வொன்றையும் விரல் நுனியால் நேராக்கிவிட்டு இழுவை கொடுக்கிறார். என் மகளுடையதற்கு நெடுக்கில் 52 பவுண்டு, குறுக்கில் 50 பவுண்டு. முடிந்ததும் கட்டிய தேதியையும் இழுவையையும் ஒரு சிறு ஒட்டுத்தாளில் எழுதி, கைப்பிடிக்கு மேலே ஒட்டிவிடுகிறார். இயந்திரம் காட்டும் எண்ணை அவர் அப்படியே நம்புவதில்லை. காலையில் கடை திறந்ததும் ஒரு வில்தராசை மாட்டி, 50 என்று காட்டும்போது உண்மையிலேயே 50 இழுக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார். சென்னையில் நாங்கள் முன்பு கட்டிக்கொண்டிருந்த இடத்தில் இந்தச் சோதனையை ஒருபோதும் கண்டதில்லை. உழவன் ரயிலில் யாராவது தெரிந்தவர் கையில் ராக்கெட்டைக் கொடுத்தனுப்பி, திரும்பி வந்ததைத் தட்டிப் பார்த்தால், இரண்டு ராக்கெட்டுக்கு இரண்டு விதமான ஓசை வரும்.

நான் இவரிடம் மிகவும் மதிப்பது, இவர் 'முடியாது' என்று சொன்ன ஒரு சந்தர்ப்பத்தை. மகளுக்கு முழங்கையில் வலி தொடங்கியிருந்த காலம் அது. பந்து நன்றாகச் சுழல வேண்டும் என்பதற்காக முழுக்க விறைப்பான பாலியெஸ்டர் நரம்பு கேட்டாள். "இந்தக் கையோடு அதைக் கட்டித் தர மாட்டேன் பாப்பா, நீ கோவிச்சுக்கிட்டாலும் சரி" என்று சொல்லிவிட்டார். நெடுக்கில் பாலியெஸ்டரும் குறுக்கில் மென்மையான பல இழை நரம்பும் வைத்துக் கட்டித் தந்து, இழுவையையும் இரண்டு பவுண்டு குறைத்தார். விலை கூடிய நரம்பை விற்கக் கிடைத்த வாய்ப்பை விட்டுவிட்டுத்தான் இதைச் செய்தார். வலி குறைந்ததற்கு ஓய்வும் பயிற்சிகளும் காரணம் என்றாலும், இந்த மாற்றத்துக்கும் அதில் பங்கு உண்டு என்று இயன்முறை மருத்துவர் சொன்னார்.

பாலியெஸ்டர் நரம்பை உலகமே திரும்பிப் பார்க்கச் செய்தவர் பிரேசில் நாட்டின் குஸ்தாவோ குவெர்ட்டன். கடைக்காரருக்கு அவர்மீது அளவற்ற பிரியம். நரம்பு கட்டிக்கொண்டே அவரைப் பற்றிப் பேசுவார். குவெர்ட்டனுக்கு எட்டு வயதாக இருந்தபோது, சிறுவர் ஆட்டம் ஒன்றுக்கு நடுவராக இருந்த அவருடைய தந்தை மாரடைப்பால் இறந்துபோனார். தம்பி பிறக்கும்போதே மூளை பாதிக்கப்பட்டவர். குவெர்ட்டன் தான் வென்ற கோப்பைகளைக் கொண்டுபோய் அந்தத் தம்பியிடம் கொடுத்துவிடுவார். 1997இல் தரவரிசையில் 66ஆம் இடத்தில் இருந்தபடி பிரெஞ்சு ஓப்பனுக்கு வந்து, மஸ்டர், கஃபெல்னிகோவ், புருகுவேரா என்று மூன்று முன்னாள் சாம்பியன்களை அந்த விறைப்பான நரம்பால் வீழ்த்திப் பட்டம் வென்றார். 2000இலும் 2001இலும் மறுபடி வென்றார். பிறகு இடுப்பு மூட்டு கெட்டது. 2002இல் ஓர் அறுவை சிகிச்சை, 2004இல் இன்னொன்று. 2007இல் தம்பியும் போய்விட்டார். 2008இல் அதே பாரிஸ் களத்தில், முதல் சுற்றில் தோற்று விடைபெற்றார். மேலே போனவர்களுக்கும் உடம்பும் குடும்பமும் இப்படிப் பாரமாக வந்து சேரும் என்பதைக் கடைக்காரர் என் மகளிடம் மறைக்காமல் சொல்கிறார். நான் சொன்னால் அறிவுரை என்று ஒதுக்குபவள், அவர் சொல்லும்போது உட்கார்ந்து கேட்கிறாள்.

எங்கள் வீட்டிலும் பாரம் உண்டு. பாபநாசம் பக்கம் எங்களுக்கு நிலம். வருமானம் குறுவை, சம்பா அறுவடையை ஒட்டித்தான் வரும், போட்டிச் செலவோ மாதந்தோறும் வரும். கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுப் பணம் கணக்கில் ஏறும்வரை பொறுத்துக்கொள்ளும் கடைகள் இந்தத் தொழிலில் குறைவு. இவர் கேட்காமலே பொறுத்துக்கொள்கிறார். அக்காளின் திருமணத்தன்று மகள் வேறு மாநிலத்தில் ஆடிக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு வீட்டில் இருக்கிறாளா என்று உறவினர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். எப்போது கல்யாணம் என்று கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை. தோற்ற இரவுகளில் தங்குமிடத்திலிருந்து அவள் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. இவருக்குத்தான் அழைத்து, "அண்ணா, பந்து நீளமாகப் போகுது, அடுத்த ஊரில் எத்தனை பவுண்டு கட்டச் சொல்லட்டும்?" என்று கேட்கிறாள். அந்த ஊரின் வெயிலையும் தரையையும் பந்தின் வகையையும் விசாரித்துவிட்டுத்தான் அவர் பதில் சொல்கிறார். இதற்கெல்லாம் அவர் காசு வாங்குவதில்லை.

இனி குறைகள். மெல்லிய நரம்புகள் பெரும்பாலும் இருப்பில் இருக்காது. முன்கூட்டியே சொல்லி வரவழைக்க வேண்டும். பள்ளிகளுக்கு இடையிலான இறகுப்பந்துப் போட்டிகள் நடக்கும் மாதங்களில் கூட்டம் அதிகம். டென்னிஸ் ராக்கெட்டுகள் இரண்டு நாள் காத்திருக்க நேரும். கடை வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மாட்டுக்குடலில் செய்த இயற்கை நரம்பு கெட்டுவிடும் என்பதால், அந்தக் காலத்தில் அதைக் கட்டித் தர மறுக்கிறார். இது சரியான முடிவு என்றாலும், அதையே விரும்பி ஆடுபவர்களுக்கு ஏமாற்றம்தான். மின்தடையைப் பற்றிய கவலை வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, கையால் சுற்றும் பழைய இயந்திரம் ஒன்றையும் வாங்கி வைத்திருக்கிறார்.

கட்டுக்கூலி தற்போது 300 ரூபாய். நரம்பு விலை தனி. அடிக்கடி கட்டுபவர்கள் 200 மீட்டர் சுருளாக வாங்கி அவரிடமே கொடுத்துவைப்பது நல்லது. ஒரு ராக்கெட்டுக்கு ஏறக்குறைய 12 மீட்டர் பிடிக்கும், ஆகவே ஒரு சுருளில் 16 முறை கட்டலாம். தனித்தனி செட்டாக வாங்குவதைவிட இது கணிசமாக மலிவு. களிமண் தரையில் பயிற்சி செய்பவர்களுக்கு மணல் துகள் அராவி நரம்பு சீக்கிரம் அறும் என்பதால் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூரில் இருப்பவர்கள் பேருந்தில் பார்சலாக அனுப்பலாம். அனுப்பும்போது இழுவை அளவோடு கை வலி, தோள் வலி இருந்தால் அதையும் தாளில் எழுதிவிடுங்கள், அவர் எப்படியும் தொலைபேசியில் அழைத்து அதைத்தான் முதலில் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கடை கிடையாது.