325 மடங்கு தெரியும் என்றார்கள்: ஐபீஸ் பெட்டி வாங்கி ஏமாந்த கதை

தொலைநோக்கி வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. 130 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடி, 650 மி.மீ. குவியத்தூரம் (கண்ணாடியிலிருந்து ஒளி குவியும் இடம்வரை உள்ள தூரம்), லென்ஸுக்குப் பதில் குழிக்கண்ணாடி ஒளியைத் திரட்டும் நியூட்டோனியன் வகை. கூடவே 25 மி.மீ., 10 மி.மீ. குவியத்தூரத்தில் இரண்டு ஐபீஸ், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸ், கொடுத்திருந்தார்கள். 25இல் நிலாவும் கார்த்திகை நட்சத்திரக் கூட்டமும் அருமையாகத் தெரிந்தன. 10இல் சனி கிரகம் வளையத்தோடு தெரிந்தது, ஆனால் கடுகளவு. கொஞ்சம் பெரிதாகப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. அந்த ஆசையில்தான் மாட்டினேன்.

இணையத்தில் ஒரு விற்பனையாளரின் விளம்பரம் கண்ணில் பட்டது. அலுமினியப் பெட்டிக்குள் 4, 6, 10, 15, 20 மி.மீ. என ஐந்து ப்ளாசல் (பரவலாகக் கிடைக்கும் ஒரு லென்ஸ் அமைப்பு) ஐபீஸ், உருப்பெருக்கத்தை இரட்டிப்பாக்கும் ஒரு 2 மடங்கு பார்லோ லென்ஸ், வண்ண ஃபில்டர்கள், நிலா ஃபில்டர், போதாததற்கு ஒரு சூரிய ஃபில்டர். 20 மி.மீ. ஐபீஸுக்கு "70 டிகிரி அகலப் பார்வை" என்று போட்டிருந்தது, அதாவது கண்ணை வைத்தால் தெரியும் வட்டத்தின் கோணம். எல்லா லென்ஸும் "ஃபுல்லி மல்ட்டி கோட்டட்", அதாவது எல்லாப் பரப்பிலும் பிரதிபலிப்பைக் குறைக்கும் பல அடுக்குப் பூச்சு, என்றும் இருந்தது. என் தொலைநோக்கியின் அளவைச் சொல்லிக் கேட்டேன். "சார், உங்களுக்கு 325 மடங்கு வரைக்கும் தெரியும், மொத்தம் பத்து விதமான உருப்பெருக்கம் கிடைக்கும்" என்று பதில் வந்தது. தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு வேறு. உடனே ஆர்டர் போட்டுவிட்டேன்.

அந்த 325 பொய்யில்லை, கணக்கு சரிதான். தொலைநோக்கியின் குவியத்தூரத்தை ஐபீஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம். 650ஐ 4ஆல் வகுத்தால் 162.5, அதில் பார்லோ போட்டால் 325. ஆனால் கண்ணாடியின் விட்டம் எத்தனை மி.மீட்டரோ அதைப்போல இரண்டு மடங்குதான் பொதுவாகச் சொல்லப்படும் உச்ச வரம்பு. எனக்கு அது 260. அதுவும் காற்று அசையாமல் இருக்கும் அபூர்வமான இரவுகளில். சாதாரண இரவில் 150ஐத் தாண்டினாலே படம் கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் நெளியும். உருப்பெருக்கம் இரண்டு மடங்கானால் படத்தின் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. பத்து விதம் என்றதும் ஒன்பதுதான்: 20இல் பார்லோ போட்டால் 10 ஆகிவிடுகிறது, 10தான் ஏற்கெனவே பெட்டியில் இருக்கிறதே!

முதல் இரவு 4 மி.மீட்டரையும் பார்லோவையும் மாட்டிச் சனியைத் தேடினேன். கிடைத்தபோது மங்கலான, பழுப்பு நிற, ஓரம் இல்லாத ஒரு நீள்வட்டம். ஃபோகஸ் திருகைத் தொட்டாலே எல்லாம் ஆடியது. பார்லோவைக் கழற்றிவிட்டு 4 மி.மீட்டரை மட்டும் போட்டால் வேறு தொல்லை. ப்ளாசல் வகையில் லென்ஸிலிருந்து கண்ணை எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்பது குவியத்தூரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். 4 மி.மீட்டருக்கு அது 3 மி.மீ. இமை முடி லென்ஸில் இடிக்கும். நான் மூக்குக்கண்ணாடி போடுபவன், எனக்கு 15 மி.மீட்டராவது வேண்டும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்ததில் லென்ஸ் முழுக்கக் கண்ணீர்க்கறை.

சரி, அவசரப்பட்டது நம் தப்பு என்று அத்தோடு விட்டிருப்பேன். மறுநாள் பகலில் சும்மா ஐபீஸ்களை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. பூச்சு உள்ள லென்ஸில் பிரதிபலிப்பு பச்சையாகவோ ஊதாவாகவோ மங்கித் தெரியும். இவற்றில் மேல் லென்ஸ் மட்டும் லேசான நீலம், உள்ளே இருப்பவை எல்லாம் பளிச்சென்ற வெள்ளை. பூச்சே இல்லை. குழாயின் உட்புறம் கறுப்படிக்காமல் மின்னியது. வியாழனைப் பார்த்தபோது பக்கத்தில் இன்னொரு வெளிறிய வியாழன் மிதந்ததற்குக் காரணம் இதுதான்.

அந்த 70 டிகிரியையும் அளந்துவிடலாம் என்று தோன்றியது. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், கையில் கடிகாரம் இருந்தால் போதும். திருவாதிரை இருக்கும் ஓரியன் மண்டலத்தின் இடுப்பில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் இருக்கும். அவற்றில் முதலில் உதிக்கும் மின்டாகா கிட்டத்தட்ட வான நடுக்கோட்டிலேயே (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) இருக்கிறது. அது 4 நிமிடத்துக்கு 1 டிகிரி நகரும். தொலைநோக்கியை அசைக்காமல் வைத்து, அந்த நட்சத்திரம் வட்டத்தின் நடுவழியாக ஓரத்துக்கு ஓரம் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தேன். 20 மி.மீ. எனக்கு 32.5 மடங்கு தரும். 70 டிகிரி உண்மையென்றால் எட்டரை நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். மூன்று முறை பார்த்தேன், மூன்றிலும் ஐந்தரை நிமிடம் சுமார். 1.38 டிகிரி, அதை 32.5ஆல் பெருக்கினால் 45 டிகிரி. சாதாரண ப்ளாசலே 50 டிகிரி காட்டும்! இது அதைவிடக் குறுகல்.

இந்தக் கணக்கையும் படங்களையும் விற்பனையாளருக்கு அனுப்பினேன். முதலில் "உங்கள் டெலஸ்கோப்பில் கோளாறு இருக்கும்" என்றார்கள். கூட வந்த 25 நன்றாகத்தானே தெரிகிறது என்றேன். அப்புறம் "70 டிகிரி என்பது லேப் அளவு" என்றார்கள். கடைசியில் பெட்டியின் சீலைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்று முடித்துவிட்டார்கள். பிரிக்காமல் ஐபீஸில் எப்படிப் பார்ப்பது என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

பணம் போனதைவிட என்னைப் பதற வைத்தது அந்தச் சூரிய ஃபில்டர். ஐபீஸின் அடியில் திருகி மாட்டும் கரும்பச்சைக் கண்ணாடி வில்லை. தொலைநோக்கி திரட்டிய சூரிய வெப்பம் முழுவதும் குவிகிற இடத்துக்குப் பக்கத்தில் அது உட்காருகிறது. சூடேறிப் பட்டென்று விரிசல் விட்டால் கண்ணை எடுக்கக்கூட நேரம் இருக்காது, பார்வை போய்விடும். சூரியனைப் பார்ப்பதற்கான ஃபில்டர் குழாயின் முன்வாயை முழுதாக மூட வேண்டும். பின்பக்கம் திருகும் வகை உங்களிடம் இருந்தால் யாருக்கும் கொடுக்காதீர்கள், உடைத்துப் போடுங்கள். நான் துணியில் சுற்றிச் சுத்தியலால் உடைத்தேன்.

பெட்டியாக எதையும் வாங்காதீர்கள் என்றுதான் இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன். கையில் இருக்கும் இரண்டையும் வைத்து ஒரு மாதம் பாருங்கள், எந்த இடத்தில் போதவில்லை என்பது தானாகத் தெரியும். அந்த ஒன்றை மட்டும் வாங்குங்கள். விற்பவர் உருப்பெருக்கத்தைப் பற்றியே பேசினால் கண்ணுக்கு எத்தனை மி.மீ. இடைவெளி, பார்வைக்கோணம் எத்தனை, தொலைநோக்கிக்குள் செருகும் அடிக்குழாய் 1.25 அங்குலமா, பிரித்துப் பார்த்தபின் திருப்பித் தரலாமா என்று எழுத்தில் கேளுங்கள். அடிக்குழாய் அளவு முக்கியம், பழைய 0.965 அங்குல ஐபீஸ்களும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. "கோட்டட்" என்று மட்டும் போட்டிருந்தால் ஏதோ ஒரு பரப்பில் பூச்சு உண்டு என்பதற்குமேல் அர்த்தம் இல்லை. "ஃபுல்லி மல்ட்டி கோட்டட்" என்றிருந்தால் வந்தவுடன் விளக்கில் சாய்த்துப் பாருங்கள்.

பிறகு ஒரு நண்பரிடம் 6 மி.மீ. ஐபீஸ் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். கண்ணுக்கு நல்ல இடைவெளி உள்ள வகை, பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன், இரண்டு இரவு இரவல் வாங்கிப் போட்டும் பார்த்தேன். 108 மடங்குதான். சனியின் உடலுக்கும் வளையத்துக்கும் நடுவே கருப்பு இடைவெளி கத்தியால் கீறியதுபோல் தெரிகிறது. அந்தப் பெட்டியிலிருந்து நிலா ஃபில்டரை மட்டும் எடுத்துப் பயன்படுத்துகிறேன். பெட்டியில் இப்போது ஸ்க்ரூ டிரைவர்கள்.

நேற்று அதே விளம்பரம் மறுபடியும் கண்ணில் பட்டது. 2 மடங்கு பார்லோவை எடுத்துவிட்டு 5 மடங்கு போட்டிருக்கிறார்கள். என் தொலைநோக்கிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 812 மடங்கு வருகிறது.