மூன்று நாள் இடைவெளியில் இரண்டு நீல் யங்

1971 ஜனவரி 19. டொராண்டோவின் மாஸி ஹாலில் தனியாளாகப் பாடினார் கனடாவின் ராக் பாடகர் நீல் யங். மூன்று நாள் கழித்து, 22ஆம் தேதி, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து ஸ்ட்ராட்ஃபர்டில், ஷேக்ஸ்பியர் பெயர் தாங்கிய அரங்கில் பாடினார். கிதாரும் பியானோவும் மட்டுமே துணை. பாட்டுகளும் பெரும்பாலும் அவையேதான். முதல் கச்சேரி 36 வருடம் பெட்டிக்குள் கிடந்து 2007இல் ஆல்பமாக வந்தது. மற்றது, 'யங் ஷேக்ஸ்பியர்' என்ற பெயரில், 2021இல்தான் வெளிச்சம் பார்த்தது. ஒன்று போதும் என்பவர் எதை வாங்குவது?

யங்கைக் கேட்டால் ஸ்ட்ராட்ஃபர்டைத்தான் கைகாட்டுவார். மாஸி ஹாலைவிட இதுவே மேல், இதில் நிதானம் அதிகம், அங்கிருந்த கொண்டாட்டம் இங்கே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் கொண்டாட்டத்துக்காகவே நான் மாஸி ஹால் கட்சி.

டொராண்டோ அவர் பிறந்த ஊர். 1966இல் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பிப் போன பையன், பெயர் வாங்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறான். 'ஹெல்ப்லெஸ்' பாட்டில் வட ஒன்டாரியோவின் பேச்சு வந்ததும் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. 'ஜர்னி த்ரூ தி பாஸ்ட்' பாட்டில் கனடாவுக்குத் திரும்பும் வரி வரும்போதும் அப்படித்தான். ஸ்ட்ராட்ஃபர்டில் அதே வரிகள் நல்ல வரிகள், அவ்வளவே.

இதைவிட எனக்குப் பிடித்தது அந்தக் கூட்டம் சும்மா இருக்கும் இடம். பியானோவில் 'எ மேன் நீட்ஸ் எ மெய்ட்' போய்க்கொண்டிருக்கும்போதே 'ஹார்ட் ஆஃப் கோல்டு' நடுவில் நுழைகிறது. ஒருவரும் கைதட்டவில்லை. எப்படித் தட்டுவார்கள்? அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடிக்க இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. ஸ்ட்ராட்ஃபர்டிலும் இதே இணைப்பு உண்டு. ஆனால் மற்ற பாட்டுகளுக்கு அப்படிக் கத்திய ஜனம் இந்தப் பாட்டுக்கு வாய் மூடி இருக்கிறது என்பதுதான் மாஸி ஹாலின் ருசி.

'ஒஹாயோ' பாட்டுக்கு வந்தால் ஸ்ட்ராட்ஃபர்டுக்குத்தான் என் ஓட்டு. ஒஹாயோ மாநிலத்துக் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டது 1970 மே 4. ஒன்பது மாதம்கூட ஆகாத அந்தத் துக்கத்தை அதே நாட்டுக்காரர்கள் முன்னால் ஒற்றைக் கிதாரோடு பாடுகிறார். இந்தக் கச்சேரியைப் படமும் பிடித்திருக்கிறார்கள், பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு அது ஒரு கூடுதல் லாபம். 'சுகர் மவுன்டன்' இதில் மட்டும்தான். ஆனால் மொத்தமே 12 பாட்டு; மாஸி ஹாலில் 17. 1974இல்தான் ஸ்டுடியோ ஆல்பத்தில் வந்த 'சீ தி ஸ்கை அபௌட் டு ரெயின்' கூட அங்கே இருக்கிறது.

தயாரிப்பாளர் டேவிட் பிரிக்ஸ், மாஸி ஹால் பதிவை அப்போதே ஆல்பமாகப் போடலாம் என்று மல்லுக்கு நின்றார். யங்குக்கோ 'ஹார்வெஸ்ட்' என்ற புது ஸ்டுடியோ ஆல்பத்தின் மேல் மோகம். 1972இல் அதுதான் வந்தது. பிரிக்ஸ் 1995இல் இறந்துபோனார். பழைய டேப்பைத் திரும்பக் கேட்டபோது, அவர் ஏன் அப்படி அடம்பிடித்தார் என்பது புரிகிறது என்றார் யங். அப்புறம் எப்படி ஸ்ட்ராட்ஃபர்டை உசத்தி என்கிறாரோ!

சரி, 2013இல் வந்த அவருடைய 'செல்லர் டோர்' கச்சேரி ஆல்பம்? 1970 கடைசியில் வாஷிங்டனின் ஒரு சின்ன கிளப்பில் பதிவானது. 'சின்னமன் கேர்ள்' பாட்டைப் பியானோவில் கேட்க வேண்டுமென்றால் வாங்குங்கள். மாஸி ஹால் கைக்கு வந்த பிறகு.