போர்சினி என்று சொல்லி கசப்புக் காளானைத் தலையில் கட்டினார்கள்

இத்தாலியச் சமையலில் பேர்போன போர்சினி காளானை, உலர்ந்ததாக வாட்ஸ்அப்பில் வாங்குகிறவர்கள் உஷார். கும்பகோணத்தில் கேட்டரிங் நடத்துகிறேன். மாப்பிள்ளை இத்தாலியில் வேலை பார்ப்பவர் என்பதால் ஒரு வரவேற்புக்கு போர்சினி சூப் கேட்டார்கள். "மலைப் பண்ணையில் வளர்த்தது" என்று விளம்பரம் போட்டிருந்த ஒருவரிடம் 100 கிராம் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். ஊறவைத்து, வெண்ணெயில் வதக்கி, கொதி வந்ததும் ருசி பார்த்தால் வேப்பங்கொழுந்தை மென்ற மாதிரி கசப்பு. கிரீம் ஊற்றினோம், மிளகைத் தூக்கலாகப் போட்டோம். ம்ஹூம். அண்டா சூப்பையும் கொட்டிவிட்டு, தக்காளி சூப் வைத்துச் சமாளித்தோம்.

விற்றவரைக் கேட்டால், "காட்டுக் காளான்னா அப்படித்தான் மேடம், நல்லா கொதிச்சா போயிடும்" என்கிறார். பண்ணைக் காளான் ஒரே போனில் காட்டுக் காளான் ஆகிவிட்டது! போர்சினி மர வேரோடு ஒட்டி வாழ்வது. சிப்பிக் காளான் மாதிரி வைக்கோலில் வித்துப் போட்டு வளர்க்க முடியாது. அது கசக்கவும் கசக்காது. கசப்பது அதன் உறவுக்கார இனம், டைலோபிலஸ் ஃபெல்லியஸ். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் ஒரு துண்டு விழுந்தாலே பாத்திரம் முழுக்கப் போச்சு. எவ்வளவு கொதித்தாலும் கசப்பு போகாது.

நம்மூர் புற்றுக் காளானைக் கவிழ்த்தால் மடிப்பு மடிப்பாக இருக்கும். போர்சினி, கசப்புக் காளான் இரண்டிலும் மடிப்பு கிடையாது, பொடிப்பொடித் துளைகள்தான். போர்சினியின் துளைகள் முதலில் வெள்ளை, முற்ற முற்ற மஞ்சள், அப்புறம் பச்சை கலந்த பழுப்பு. கசப்புக் காளானுக்கு முற்றினால் ரோஸ் நிறம். தண்டில் வலைப்பின்னல் இரண்டுக்கும் உண்டு. போர்சினியில் வெளுப்பு, மற்றதில் அடர் பழுப்பு. காயவைத்துச் சீவிவிட்டால் இதில் பாதி தெரியாது, விற்பவனுக்கு அதுதான் வசதி. மீதியிருந்த சில்லுகளை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தண்டுச் சில்லு ஒன்றின் தோலோரத்தில் கறுத்த வலை, குடைச் சில்லின் அடியில் அழுக்கு ரோஸ்.

பாக்கெட்டில் அறிவியல் பெயர், விளைந்த நாடு, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண், இதெல்லாம் இல்லாவிட்டால் தொடாதீர்கள். என் பாக்கெட்டில் ஒன்றுமே இல்லை, பளபள ஸ்டிக்கர் மட்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "பிரிச்ச பாக்கெட்டுக்குப் பணம் வராது" என்று சொல்லி விற்றவர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். அதே சரக்கு வேறு ஸ்டிக்கரோடு தஞ்சாவூர், மயிலாடுதுறை குரூப்புகளில் இப்போது சுற்றுகிறது.