பழைய மாருதி 800: பேட்டரியை மாற்றும் முன் மீட்டரை வையுங்கள்

செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் பேட்டரியை மாற்றிவிடுவது, கார்புரேட்டர் காலத்து மாருதி 800 வைத்திருப்பவர்களிடம் ஊறிப்போன பழக்கம். புது பேட்டரி சில நாள் தாங்கும். பிறகு மறுபடி தள்ளி ஸ்டார்ட். இருபது ஆண்டுக்கு மேல் ஓடிய வண்டியில் பல நேரம் கோளாறு பேட்டரியிலும் இருக்காது, இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரிலும் இருக்காது. இரண்டையும் இணைக்கும் வயரிலும், பாடி வழியாகக் கரண்ட் திரும்பும் எர்த் இணைப்பிலும் இருக்கும். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றே இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் அளவை, இரவெல்லாம் நின்ற வண்டியில் சாவி போடாமல் எடுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைவாக இருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போயிருந்தால் வெளியே கொடுத்து சார்ஜ் ஏற்றிய பிறகே மற்ற சோதனைகளுக்குப் போங்கள். காலியான பேட்டரியோடு எடுக்கும் எந்த அளவையும் நம்ப முடியாது. மூடி கழற்றும் வகை என்றால், உள்ளே உள்ள ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இன்னும் தெளிவாகச் சொல்லும். முழுதாக சார்ஜ் ஏற்றிய பிறகும் ஐந்து செல் 1.250 காட்ட, ஒன்று மட்டும் 1.200-க்குக் கீழே நின்றால் அந்த செல் போய்விட்டது. பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலும் பேட்டரி மேல் சந்தேகம் வரலாம்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். மே மாத மதியத்தில், இன்ஜின் நன்றாகச் சூடேறியபின் இது 13.6 அளவுக்கு இறங்கினால் பதற வேண்டாம். சூட்டுக்கு ஏற்ப வோல்டேஜைக் குறைக்கும்படிதான் ரெகுலேட்டர் அமைந்திருக்கிறது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது என்று அர்த்தம். பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றுவதும் ஹெட்லைட் பல்பு அடிக்கடி ஃபியூஸ் ஆவதும் அதன் அறிகுறிகள்.

13-க்கும் கீழே காட்டினால் உடனே ஆல்டர்னேட்டரைக் கழற்றாதீர்கள். பலர் விட்டுவிடும் சோதனை இங்கேதான் இருக்கிறது. ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டு, இன்ஜினை 2000 ஆர்பிஎம் அளவில் வைத்து, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரிலிருந்து கரண்ட் வெளியே வரும் பி பிளஸ் போல்ட்டிலும் மறுமுனையை பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவே உள்ள வயரோ, ஃபியூசிபிள் லிங்க்கோ (பேட்டரி வயரில் உள்ள பெரிய ஃபியூஸ்), வயர் முனையில் உள்ள கருத்துப்போன லக்கோ கரண்டைத் தின்கிறது. அடுத்து ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே பாருங்கள்; 0.2-ஐத் தாண்டக் கூடாது. இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் உள்ள எர்த் கேபிள்தான் திரும்பும் வழி. அது அரித்துப்போனால் கரண்ட் கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடித்தபின் அந்தக் கேபிள்கள் சுடுகின்றனவா என்று தொட்டுப் பாருங்கள், சுட்டால் எர்த் போய்விட்டது. பூத்துப்போன டெர்மினலுக்கு வெந்நீரில் கரைத்த ஆப்பசோடா போதும். துடைத்து உலர்த்தி, இறுக்கியபின் மேலே வாஸ்லின் தடவுங்கள். மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அது கடைசி.

டாஷ்போர்டில் உள்ள பேட்டரி விளக்கை வெறும் எச்சரிக்கையாக நினைப்பது தவறு. சாவியை ஆன் செய்ததும் அந்த பல்பு வழியாகப் போகும் சிறு கரண்ட்தான் ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் ரோட்டாருக்கு முதல் காந்தத்தைக் கொடுக்கிறது. பல்பு ஃபியூஸ் ஆகியிருந்தால், ஆல்டர்னேட்டர் நன்றாக இருந்தும் ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதிக்கும்வரை சார்ஜ் ஏறாமல் போகலாம். சாவி ஆன் செய்தும் எரியாத பல்பை அன்றே மாற்றிவிடுங்கள். ஓடும்போது அது மங்கலாக எரிந்தால் ரோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், ஏசியை டிசியாக மாற்றும் டயோடு ஒன்று போயிருக்கலாம். டயோடுக்குத் தனிச் சோதனை உண்டு: மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, லோடு போட்டு, பேட்டரி முனைகளில் பாருங்கள். 0.1 வரை கவலையில்லை, 0.5-ஐத் தாண்டினால் டயோடு பிளேட்டை மாற்றியாக வேண்டும்.

பகலில் எல்லாம் சரி, காலையில் மட்டும் பேட்டரி காலி என்றால் கசிவைத் தேடுங்கள். எல்லாவற்றையும் அணைத்து, மைனஸ் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் அந்தக் கேபிளுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே தொடராக இணையுங்கள். அந்த நிலையில் சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நல்லது. அரை ஆம்பியர் கசிந்தால் 35 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி மூன்று நாளில் முழுதாகக் காலி. அதற்கு வெகு முன்பே செல்ஃப் நின்றுவிடும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதிலும் குறையவில்லை என்றால் பி பிளஸ் வயரைக் கழற்றுங்கள். அப்போது குறைந்தால் கசிவது டயோடு. பின்னால் மாட்டிய ஸ்டீரியோவும் அலாரமும் ஃபியூஸ் பெட்டியைத் தொடாமல் நேராக பேட்டரியிலிருந்து எடுத்திருப்பார்கள், அதையும் மறக்காதீர்கள்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிப்பதை எந்தப் பட்டறையிலும் அனுமதிக்காதீர்கள். ஆல்டர்னேட்டருக்கு முந்தைய டைனமோ காலத்தில் வந்த பழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் அந்த நொடி எழும் வோல்டேஜ் டயோடையும் ரெகுலேட்டரையும் சேர்த்தே கொன்றுவிடும்.

ஹெட்லைட் போட்டதும் கீச்சிட்டால் பெல்ட் வழுக்குகிறது. புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டருக்குள் உள்வாங்க வேண்டும். அதற்காக அளவுக்கு மேல் இறுக்கினால் ஆல்டர்னேட்டர் பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் சேர்ந்து போகும். பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளத்துவிட்ட பெல்ட்டை இறுக்கிப் பயனில்லை, புதிது போடுங்கள்.

வயர், எர்த், பல்பு, பெல்ட் எல்லாம் சரியாக இருந்தும் சார்ஜ் ஏறவில்லை என்றால் மட்டும் ஆல்டர்னேட்டரைப் பிரியுங்கள். கார்பன் பிரஷ் 5 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். அது உரசும் ஸ்லிப் ரிங்கில் பள்ளம் விழுந்திருந்தால் புது கார்பனும் வெகுநாள் நிற்காது. ரிங்கைக் கடைசலில் ஓட்டிச் சமப்படுத்திய பிறகே போடச் சொல்லுங்கள். பிரித்ததோடு இரண்டு பேரிங்கையும் மாற்றிவிடுவது நல்லது, அதற்காக இன்னொரு முறை கூலி கொடுக்க வேண்டியிருக்காது.