எம்எக்ஸ்-4 பேஸ்டும் ஒரு மில்லிமீட்டர் பேடும்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் ஷீட் போட்ட அறை ஒன்று. அங்கேதான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். ஏப்ரல் வந்துவிட்டால் என் பழைய லேப்டாப் ரெண்டர் போட்ட பத்தாவது நிமிடத்தில் 97 டிகிரிக்கு ஏறி, சூடு தாங்காமல் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தேன். சிப்பின் சூட்டை வெளியே கடத்த உள்ளே வைக்கும் பேஸ்ட், பேடு இரண்டையும் மாற்றித் தந்தார்கள். அப்புறம்தான் நிலைமை இன்னும் மோசமானது.

எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 பேஸ்ட் 4 கிராம் குழாய் வாங்கி வந்து, லேப்டாப்பை நானே பிரித்தேன். சிப்புகள் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் செம்புப் பாகமான ஹீட்சிங்கைத் தூக்கியதும் காரணம் தெரிந்துவிட்டது. பிராசஸர் மேல் பேஸ்ட் ஒரு ஓரத்தில் மட்டும்தான் நசுங்கியிருந்தது. மீதி இடத்தில் வைத்தது வைத்தபடி மேடாக இருந்தது.

தப்பு பேடில். மெமரி சிப்புகள் பிராசஸரைவிட உயரம் குறைந்தவை. அவற்றுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது, அதற்குத்தான் மெத்தென்ற சிலிகான் பேடு. கடைக்காரர்கள் அங்கே 1.5 மில்லிமீட்டர் பேடை வைத்திருந்தார்கள். அதே வரிசையில் மாற்றாமல் விட்ட பழைய பேடு ஒன்று கிடைத்தது. நசுங்காத அதன் ஓரத்தை வெர்னியரில் அளந்தால் 1 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் ஹீட்சிங்க் முழுக்க அந்தப் பேடுகள் மேல் உட்கார்ந்துகொண்டது, பிராசஸரை ஒழுங்காகத் தொடவே இல்லை. எவ்வளவு விலை கொடுத்துப் பேஸ்ட் வாங்கியிருந்தாலும் பலன் இருந்திருக்காது. ஒரே போர்டிலேயே இடத்துக்கு இடம் கனம் மாறும் என்பதால், பழைய பேடுகளைத் தூக்கிப் போடாமல் ஒவ்வொன்றாக அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

சரி, பேஸ்டுக்கு வருகிறேன். சிப்பும் செம்பும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணிய மேடு பள்ளம் உண்டு. பள்ளங்களில் காற்று நிற்கும். வெப்பம் கடத்தும் திறனை வாட்/மீட்டர்-கெல்வினில் சொல்வார்கள்: காற்றுக்குச் சுமார் 0.026, எம்எக்ஸ்-4க்கு நிறுவனம் சொல்வது 8.5, செம்புக்கு 400க்குப் பக்கம். அதாவது பேஸ்ட் காற்றைவிடப் பல மடங்கு மேல், ஆனால் செம்புக்குக் கிட்டேயே வராது. பள்ளத்தை நிரப்பும் அளவு போதும், அதற்கு மேல் அப்பினால் அதுவே தடை.

எம்எக்ஸ்-4 எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அது மின்சாரம் கடத்தாது. கொஞ்சம் வழிந்தாலும் போர்டு போய்விடுமோ என்ற பயம் இல்லை. பேஸ்டுக்குப் பதிலாகச் சிலர் போடும் லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) அப்படி அல்ல. அதில் இருக்கும் காலியம் அலுமினியத்தை அரித்துவிடும், மின்சாரமும் கடத்தும். வீட்டில் முதல்முறை பிரிப்பவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

1.5 பேடுகளை எடுத்துவிட்டு 1 மில்லிமீட்டர் பேடு வைத்தேன். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் பழைய பேஸ்டைத் துடைத்தேன். லேப்டாப் சிப்புக்கு மேலே மூடி கிடையாது என்பதால், நடுவில் ஒரு பொட்டு வைத்து விட்டுவிடாமல் மூலை வரை மெல்லியதாகத் தடவினேன். ஹீட்சிங்கில் எண் போட்டிருக்கும் வரிசைப்படி ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன்.

அதே கல்யாண ஃபைலை ரெண்டர் போட்டபோது 84 டிகிரியில் நின்றது. எட்டு மாதம் கழித்து இப்போது 86. மூடியில்லாத சிப்பில், சூடேறி ஆறி ஏறி ஆறிப் பேஸ்ட் மெல்ல ஓரத்துக்கு ஒதுங்குவது உண்டு. அடிக்கடி பிரிக்க விரும்பாதவர்கள் ஹனிவெல் பிடிஎம்7950 பக்கம் போகலாம். அறைச் சூட்டில் தாள்போல் இருந்து, 45 டிகிரிக்குப் பக்கம் இளகிப் பரவும் வகை அது. அடுத்த முறை நான் அதைத்தான் போடப்போகிறேன். குழாயில் மிச்சமிருக்கும் எம்எக்ஸ்-4 மச்சானின் டெஸ்க்டாப்புக்கு.