கருப்பட்டி என்று நம்பி 6,840 ரூபாய் அனுப்பினேன்

இன்று மதியம் சாப்பாட்டு இடைவேளையில், எனக்குக் கருப்பட்டி விற்றவர்களைக் கடைசியாக ஒரு முறை அழைத்துப் பார்த்தேன். என் எண்ணைத் தடுத்துவைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அலுவலகக் கணக்கு எதுவும் கண்ணில் ஏறவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். போனது 6,840 ரூபாய். திரும்பி வராது என்று எனக்கே தெரியும். மற்றவர்களாவது தப்பிக்கட்டும் என்று கடைசியில் ஐந்து யோசனைகள் சொல்கிறேன்.

படங்களும் வீடியோக்களும் பகிரும் செயலி ஒன்றில் 'வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு' என்று பாரம்பரிய உணவு விற்கும் பக்கம் அது. வீட்டில் இரண்டு பிள்ளைகள். அவருக்கு ஷிப்ட் வேலை. எனக்குக் காலை எட்டரைக்கு பஸ். வெள்ளைச் சர்க்கரையை நிறுத்த வேண்டும் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று மாதத்துக்கான குடும்பத் தொகுப்பு என்றார்கள்: கருப்பட்டி ஆறு கிலோ 2,520, தேன் இரண்டு கிலோ 1,800, பனங்கற்கண்டு ஒரு கிலோ 1,100, சத்துமாவு இரண்டு கிலோ 900, நாட்டுச்சர்க்கரை நான்கு கிலோ 520. கூட்டிப் பாருங்கள், அதே 6,840 தான்.

நான் விழுந்தது வீடியோவில் இல்லை, போனில். ஒரு பெண் பேசினாள். எடுத்த எடுப்பில் "அக்கா, வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருக்கிறதா?" என்று கேட்டாள். அப்பாவுக்கு இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார் என்றேன். "அப்படியென்றால் அப்பாவுக்குத் தாராளமாகக் கொடுங்கள் அக்கா, இது பனையிலிருந்து வருவது, ஒன்றும் செய்யாது. எங்கள் அப்பாவும் பனையேறிதான். இன்று காலை காய்ச்சியதைத்தான் உங்களுக்கு அனுப்புகிறோம்" என்றாள். அந்த 'எங்கள் அப்பாவும்' என்ற ஒரு சொல்லுக்குத்தான் நான் பணம் கொடுத்தேன். பணம் அனுப்பும்போது திரையில் கடையின் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அழுத்தினேன்.

இது நடந்தது ஐப்பசியில். வெளியே அடைமழை. பதநீர் இறக்குவது மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வாக்கில் ஓய்ந்துவிடும் என்று திருச்செந்தூர்ப் பக்கத்து மருமகளான எனக்குத் தெரியாதா? தெரியும். 'இன்று காலை காய்ச்சியது' என்று அவள் சொன்னபோது அது ஏன் உறைக்கவில்லை என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

பார்சல் வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, சிரட்டையில் ஊற்றிய அரைவட்டம், பனையோலைப் பெட்டி எல்லாம். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் வாரத்துக்கான பாகு காய்ச்சினேன். ஒரு கிலோவை இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, பாட்டிலில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் பிள்ளைகளின் ராகிக் கூழுக்கும் உளுந்தங்களிக்கும் ஓடும். வழக்கமாக வடிகட்டியில் மண்ணும் நாரும் சுண்ணாம்புக் கசடுமாக ஒரு கரண்டி தங்கும்; பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள் அல்லவா, அது. அன்று வடிகட்டி கழுவி வைத்ததுபோல் இருந்தது. ஒரு துரும்புகூட இல்லை. பாகு கடுங்காப்பி நிறத்தில் பளபளவென்று இருந்தது.

அத்தையைக் கூப்பிட்டேன். ஒரு வட்டை எடுத்து அம்மிக்கல்லில் தட்டி உடைத்தார். உடைந்த இடம் கற்கண்டுபோல் மின்னியது. சிறு துண்டை நாக்கில் வைத்தார். "கரிப்பே இல்லையே அம்மா. சீனியைக் காய்ச்சி ஊற்றியிருக்கிறான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதன்பிறகு நடந்த பேச்சுகளைக் கேளுங்கள். முதல் நாள்: "இயற்கைப் பொருள் அக்கா, ஒரு முறை இருப்பதுபோல் இன்னொரு முறை இருக்காது." மூன்றாம் நாள் ஓர் ஆண் குரல்: "மேடம், பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா?" பார்சல் உடைந்திருக்கிறது என்றா சொன்னேன்? சீனியை வீடியோ எடுத்தால் கருப்பட்டி ஆகிவிடுமா? ஆறாம் நாள்: "எங்கள் தரக் குழு பார்த்துவிட்டு அழைப்பார்கள்." பிறகு ஒரு செய்தி: அடுத்த முறை வாங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடியாம். 6,840 ரூபாயைத் தொலைத்தவளுக்குத் தள்ளுபடி! நான் பக்கத்தில் போட்ட கருத்தை ஒரு மணி நேரத்தில் நீக்கினார்கள். இன்று எண்ணையும் தடுத்துவிட்டார்கள்.

பணத்தைவிட எனக்கு எரிவது அப்பா விஷயம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே பத்து நாள் தினமும் இரண்டு வேளை அதில்தான் சுக்குக் காப்பி குடித்தார். பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது. டாக்டரிடம் கருப்பட்டியில் கலப்படம் என்று சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அசல் கருப்பட்டியாக இருந்தாலும் அதில் பெரும்பங்கு சர்க்கரைதானம்மா, யார் கொடுக்கச் சொன்னது?" என்றார். தாதுச்சத்து கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், அதற்காக நீரிழிவுக்காரருக்கு அள்ளிக் கொடுக்கும் பொருள் இல்லையாம். ஆக அவள் சொன்னதில் அது ஒன்று தனிப் பொய்.

தேனைப் பற்றி எதுவும் சொல்லமாட்டேன். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் கொளுத்திப் பார்ப்பது எல்லாம் எதையும் நிரூபிக்காது. திறக்காமல் வைத்திருக்கிறேன்.

யோசனைகள் என்றேன் அல்லவா. உறையில் உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கம் இருக்க வேண்டும்; என் பெட்டியில் 12 தான், பணம் போன பிறகு எண்ணினேன். கடைப் பெயரும் பணம் பெறுபவர் பெயரும் வேறாக இருந்தால் அனுப்பாதீர்கள். முதலில் அரைக் கிலோ மட்டும் வாங்குங்கள். திருச்செந்தூர் அருகே உள்ள உடன்குடியின் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு (அந்த ஊர்ப் பொருள் என்பதற்கான அங்கீகாரம்) கிடைத்தது உண்மை, ஆனால் உடன்குடி என்று அச்சடிக்க எந்த அச்சகமும் மறுக்காது. புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915; பதிவு செய்துவிட்டேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன். ஐந்தாவது என்னவோ நினைத்தேன், மறந்துவிட்டது.

மீதிக் கருப்பட்டி அடுக்களைப் பரணில் இருக்கிறது. அத்தை அந்தப் பக்கம் போவதில்லை.