பாயான் லெப்பாஸில் பெர்மல்லாய் பூச்சு: படலத்தை நம்பலாம், கோயர்சிவிட்டியை நம்பாதீர்கள்

பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு சிறிய லேப். ஸ்பட்டரிங் (பிளாஸ்மாவால் அணுக்களைத் தெறிக்கவைத்துப் பூசுவது), எக்ஸ்ஆர்டி (எக்ஸ்கதிரால் படிக அமைப்பைப் பார்ப்பது), விஎஸ்எம் (காந்தத்தன்மையை அளப்பது) மூன்றும் அங்கேயே. நிக்கல் 80, இரும்பு 20 சதவீதம் கலந்த பெர்மல்லாய் என்ற மென்காந்த உலோகக்கலவையை சிலிக்கான் வேஃபரில் 50 நானோமீட்டர் பூசும் வேலையை இவர்களிடம் தாராளமாகக் கொடுக்கலாம்.

கேட்காமலே அடியில் 5 நானோமீட்டர், மேலே 3 நானோமீட்டர் டான்டலம் போடுகிறார்கள். அடிப்பூச்சு இருந்தால்தான் படிகத்தின் (111) எனப்படும் அணு அடுக்குத் தளங்கள் ஒழுங்காகப் படுக்கும். மூடி இல்லையென்றால் நம்மூர் ஈரக்காற்றில் மேற்பரப்பு ஆக்சைடாகிவிடும். டார்கெட்டும் (பூச்சுக்கு அணுக்களைத் தரும் உலோகத் தகடு) மெல்லியது. காந்த டார்கெட் தடித்தால், பிளாஸ்மாவைப் பிடித்துவைக்கும் மேக்னட்ரான் காந்தப்புலத்தைத் தானே விழுங்கிவிடும், பிளாஸ்மா நிற்காது.

எக்ஸ்ஆர்டியில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள்: தீட்டா–2தீட்டா ஸ்கேன் (மேற்பரப்புக்கு இணையான தளங்களைப் பார்ப்பது) வேண்டும். மெல்லிய படலம் என்றதும், கதிரை மேற்பரப்பை உரசுவதுபோல் விழவைக்கும் சாய்கோண ஸ்கேன் எடுத்துவிடுகிறார்கள். (111) தளங்கள் மேற்பரப்புக்கு இணையாகக் கிடக்கும் படலத்தில் அந்த முறையில் சிகரம் ஏறக்குறைய மறைந்துவிடும். படிகமே இல்லை என்று நினைக்கத் தோன்றும். சரியாக எடுத்தால் 44 டிகிரிக்குச் சற்று மேலே சிகரம் நிற்கும். அதன் அகலம் 0.45 டிகிரி என்றால், கருவியின் பங்கைக் கழித்த பிறகு, படிகத்துகளின் அளவு சுமார் 19 நானோமீட்டர்.

சிக்கல் விஎஸ்எம்மில்தான். ரிப்போர்ட்டில் கோயர்சிவிட்டி (காந்தமாக்கலைப் பூஜ்ஜியமாக்கத் தேவைப்படும் எதிர்ப்புலம்) 20 ஓர்ஸ்டெட் (காந்தப்புல அலகு) என்று வரும். நல்ல பெர்மல்லாய்க்கு 1, 2 ஓர்ஸ்டெட்தான் இருக்க வேண்டும். படலத்தைக் குறை சொல்லாதீர்கள், புலத்துக்கு எதிரே காந்தமாக்கலை வரைந்த வளையத்தைப் பாருங்கள்: மேலிருந்து இறங்கும் கோடு, புலம் இன்னும் நேர்மறையாக இருக்கும்போதே புரண்டிருக்கும். இப்படிப்பட்ட சாதாரண பெர்மல்லாய் படலம் அப்படிச் செய்யாது. விஎஸ்எம்மில் இருக்கும் சூப்பர்கண்டக்டிங் காந்தத்தை 1 டெஸ்லா வரை ஏற்றி இறக்கினால் உள்ளே சிக்கிய காந்தப் பாயம் (ஃப்ளக்ஸ்) சில பத்து ஓர்ஸ்டெட் எதிர்ப்புலத்தை விட்டுவைக்கும். திரையில் காட்டும் புலம் ஒன்று, சாம்பிள் உணர்வது வேறு. மென்பொருளோ குறியைக் கண்டுகொள்ளாமல் 20 என்று எழுதிவிடுகிறது. காந்த எதிர்வினை துல்லியமாகத் தெரிந்த பல்லேடியம் சாம்பிள் வைத்துப் புலத்தைத் திருத்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் சாதாரண எலக்ட்ரோமேக்னட்டில், ஹால் புரோப் (புலத்தை நேரடியாக அளக்கும் உணரி) வைத்து, ±100 ஓர்ஸ்டெட்டுக்குள் எடுக்கச் சொல்லுங்கள். புலத்தைப் படலத்தின் பரப்புக்கு இணையாகக் கொடுத்து அளக்க அதுவே தாராளம்.

5×5 மில்லிமீட்டர் துண்டில் மொத்தமே சுமார் 1 மில்லி இஎம்யு (காந்தத் திருப்புத்திறன் அலகு) சிக்னல்தான். 1 மைக்ரோகிராம் இரும்புத்தூள் ஒட்டினால் அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். ஆகவே பிளாஸ்டிக் இடுக்கிதான், ஸ்டீல் வேண்டாம் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். சிலிக்கானின் டயாகாந்தச் சரிவை (புலத்தை லேசாக எதிர்ப்பதால் வரும் பின்னணிக் கோடு) அவர்களே கழிக்கிறார்கள், அதில் பிழையில்லை. ஆனால் கழிக்காத மூலத் தரவையும் டெக்ஸ்ட் ஃபைலாகக் கேளுங்கள். பிடிஎஃப் படத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் சரிபார்க்க முடியாது.

பூச்சின்போது காந்தப்புலம் கொடுத்து ஈசி ஆக்சிஸ் (காந்தமாக்கல் எளிதாகத் திரும்பி நிற்கும் திசை) உண்டாக்குகிறார்கள், ஆனால் அது எந்தத் திசை என்று துண்டில் அடையாளம் வைப்பதில்லை. வெட்டும் முன்பே பின்பக்கம் கோடு கிழிக்கச் சொல்லுங்கள்; வெட்டிய பிறகு சதுரத் துண்டைச் சுழற்றிச் சுழற்றி அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம்.